பதினேழை எட்டால்

வெர்சோவாவில், மீன் வாடை பாதி தூரமே வரும் ஒரு சந்தில்
காரை விற்றுவிட்டு ஸ்டுடியோ ஆக்கிய கராஜ்.
மூன்று உடை, நாற்பது நிமிடம், ஆறாயிரம் ரூபாய்.
ஏசிக்குத் தனிக் கட்டணம் கிடையாது,
ஏசி ஓடாது.

முதல் உடை, கஞ்சி போட்ட காட்டன் புடவை. அம்மா.
சிரித்தேன்.
"சோப்பு விளம்பரம்," என்றாள் ஸ்னேகல்.
இரண்டாவது, காக்கிச் சட்டை. முறைத்தேன்.
"கூரியர்காரன் தப்பு வீட்டைத் தட்டிய மாதிரி இருக்கு."
மூன்றாவது கறுப்பு. சோகம்.
அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
கேமராவை இறக்கி
லென்ஸைத் துடைத்தாள்.

பத்திரமாய்த்தான் கொண்டுவந்திருந்தேன் முகத்தை.
சயானில் ஏறி, தாதரில் மாறி,
லேடீஸ் பெட்டியில் ஒரு முழங்கையும் படாமல்
உதட்டுச் சாயத்தை அந்தேரி வரை காப்பாற்றி.
குளியலறைக் கண்ணாடியில் ஒரு மாதப் பயிற்சி:
ஒன்பது விதச் சிரிப்பு.
ஐந்தாவதுக்குள் தண்ணீர் நின்றுவிடும்
எங்கள் கட்டடத்தில்.

"மோவாயை முன்னால் நீட்டு. ஆமை மாதிரி.
உனக்குக் கேவலமாகத் தோன்றும், படத்தில் தெரியாது. இரு."
இருந்தேன்.
"பதினேழை எட்டால் பெருக்கு."
எதற்கு?
"பெருக்கு. பேசாதே."

அப்போதுதான் தெரிந்தது.
இந்தியில் சண்டை போடுவேன்,
மராத்தியில் பேரம் பேசுவேன்,
பெயர் வயது உயரத்தை ஆங்கிலத்தில் ஒப்பித்து
இடம் வலம் திரும்பிக் காட்டுவேன்.
பெருக்கல் மட்டும்
தாராவி மாநகராட்சிப் பள்ளி, மூன்றாம் வகுப்பு,
கோரஸில் கத்திய வாய்ப்பாடு.
பத்தெட்டு எண்பது.
ஏழெட்டு ஐம்பத்தாறு.
எண்பதும் ஐம்பத்தாறும்
க்ளிக்
நூற்று முப்பத்தாறு
க்ளிக்.

விடவில்லை அவள்.
"இப்போ உன் சொந்தக் கணக்கு ஏதாவது."

அதற்கா பஞ்சம்.
வாடகை பதினாலாயிரத்து ஐந்நூறு.
டப்பிங்கில் வந்தது நாலாயிரம்.
கூட்டத்தில் ஒருத்தியாக அலறியதற்கு
ஏப்ரலிலிருந்து வராத ஆயிரத்து இருநூறு.
இன்றைக்கு இந்த ஆறாயிரம்.
கழித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில்
இன்னொரு படி இருக்கிறது என்று வைத்த கால்
சும்மா இறங்கும் இல்லையா,
அங்கே போய் நின்றேன்.
என்ன முகம் வைத்திருந்தேன் என்று கேட்டால்
தெரியாது. நான் அங்கே இல்லை.
க்ளிக்.

இர்ஃபான் மடிக்கணினியில் என்னை ஊதிப் பெரிதாக்கினான்.
இடது புருவத்தில் முடி முளைக்காத ஒரு கோடு.
"தீதி, இதை அழிச்சிடட்டுமா?"
வேண்டாம்.
பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று
அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
படத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறவர்கள்
கதவைத் திறந்ததும் யாரைத் தேடுவார்கள்?
கன்னத்துப் பருவை வேண்டுமானால் எடு.
அது முந்தாநாள் வந்தது,
சனிக்கிழமை போய்விடும்.

பதினோரு நாள் கழித்து
ஆராம் நகரிலிருந்து ஒரு பையன் குரல்.
க்யான்செல்வி?
ஞானசெல்வி என்றேன்.
சரி, க்யான்செல்வி, அந்தக் கறுப்புச் சட்டை போட்டோ
ரொம்பப் பிடிச்சிருக்கு சாருக்கு.
எதையோ மறைக்கிறீங்க அதில்.
கணவனைப் பற்றிப் போலீஸுக்குத் தெரியாத ஒன்று
தெரிந்த பெண். இரண்டு நாள் வேலை.
எதை நினைத்தீங்க அப்போ, அந்தப் படத்தில்?

நாளொன்றுக்கு எவ்வளவு என்றேன்.
எட்டாயிரம் என்றான்.

ஈரெட்டு
என்று தொடங்கியது உதடு.