எட்டுப் புள்ளி நான்கு

திரையில் எட்டுப் புள்ளி நான்கு.
மீன்கள் மூச்சுவிட அது தாராளம்.
பச்சை நிறத்தில், பெரிய எழுத்தில்,
மூன்று மணி நேரமாக
எட்டுப் புள்ளி நான்கு.

தீவனப் படகிலிருந்து ஹானுஸ் கூப்பிட்டான்:
"மார்யுன், நம் கடல் இவ்வளவு ஒழுங்காக
ஒரு நாளும் இருந்ததில்லையே."

ஃபாரோ தீவின் ஒரு கடற்கழி.
சால்மன் கூண்டுகளுக்கு மேலே தகரக் கொட்டகை.
உள்ளே சர்வர், ஹீட்டர், நனைந்த கையுறை, நான்.
நள்ளிரவுக்குப் பின் மின்சாரம்
ஒருமுறை கண்ணடித்திருக்கிறது.
சர்வர் விழுந்து எழுந்துவிட்டது.
நான் எழுதி வைத்த சேவை எழவில்லை.
நீருக்குள் உணரிகள் சொல்வதையெல்லாம்
கேட்டுக்கொள்ள வேண்டிய காது அது.
காது செத்தது தெரியாமல்
கடைசியாகக் கேட்டதையே
கிளிப்பிள்ளையாய் ஒப்பித்தபடி திரை.

இந்த வகை நிரலைப் பூதம் என்பார்கள்.
கிணறு வெட்டினால் பூதம் புறப்படும்;
எனக்குத் தலைகீழ்.
கிணறு தயார், பூதத்தைத்தான் காணோம்.

போன மாதம் இரண்டு தடவை
கையால் தட்டி எழுப்பினேன்.
உடனே எழுந்தது,
எதற்குக் கூப்பிட்டாய் என்கிற மாதிரி.
நானும் காபி குடிக்கப் போய்விட்டேன்.
இந்த முறை தட்டவில்லை.
பதிவேட்டைத் திறந்தேன்.

02:14:07 சேவை தொடங்கியது.
02:14:07 இந்த முகவரியில் அமர முடியவில்லை.
02:14:07 சேவை முடிந்தது.
02:14:18 ரேடியோ இணைப்பு தயார்.

பதினொரு நொடி.
வீடு கட்டுமுன்னே
பால் காய்ச்ச வந்தவன் போல
கதவில்லாத இடத்தில் ஒருமுறை தட்டிவிட்டு
அங்கேயே உயிரை விட்டிருக்கிறது.
யாரிடமும் சொல்லவில்லை.
சொல் என்று நானும் எழுதவில்லை.

எழுதினேன்:
இணைப்பு வந்தபின் எழு.
விழுந்தால் ஐந்து நொடி பொறு, மறுபடி எழு.
திரைக்குத் தனியாக ஒரு வரி:
எண் பழசானால் காட்டாதே, கோடு போடு.

பிறகு பிளக்கைப் பிடுங்கப் போனேன்.
"கையால் எழுப்பினால் ஒரு நிமிட வேலை,
அதை ஏன் பிடுங்குகிறாய்?"
போனில் ஹானுஸ் கத்தினான்.
எழுப்பி எழுவது வேறு,
எழுவது வேறு.
பிடுங்கினேன்.
விசிறி நின்றது. தகரத்தில் மழை,
அதுவும் பக்கவாட்டில்.
செருகினேன்.

கருந்திரையில் வரிகள் ஓடி ஓய்ந்ததும்
எண்ணத் தொடங்கினேன்.
ஒன்பது. பத்து.
பதினொன்றில் ரேடியோவின் சின்ன விளக்கு.
பன்னிரண்டில் ஒன்றுமில்லை.
நல்ல சேவை வந்தேன் என்று சொல்லாது.
திரையில் கோடு.
இன்னும் கோடு.
பிறகு
ஏழு புள்ளி இரண்டு.

"குறைந்துவிட்டதே!"
குறைந்துதான் இருந்தது.
காற்றுக் குழாயைத் திறக்க ஓடுகிறவனின் பூட்ஸ் சத்தம்
அணைக்க மறந்த போன் வழியே கேட்டது.

ஏழு புள்ளி ஒன்று.
ஏழு புள்ளி ஒன்று.
ஏழு புள்ளி மூன்று.

அசைகிறது.
ஹீட்டரின் மேல் கையுறைகளைத்
திருப்பிப் போட்டேன்.