ஏறி வருகிற வண்டிக்கு

ராத்திரி இரண்டு மணிக்கு
கேத்தி பாலாடாவில் கேரட் கழுவுகிற மிஷின் உறுமத் தொடங்கும்.
நாலுக்கு என் லாரி நிறையும்.
எட்டுக்குள் மேட்டுப்பாளையம் மண்டி.
பன்னிரண்டரைக்குத் திரும்பி
அங்கன்வாடி வாசலில் நிற்பேன்,
சட்டையெல்லாம் டீசல் வாசம்.

இங்கே சேர்க்கும் எண்ணமே எங்களுக்கு இல்லை.
குன்னூரில் ஒரு பள்ளிக்குப் போனோம்.
சுவர் முழுக்க ஒட்டகச்சிவிங்கி.
முப்பத்திரண்டாயிரம், யூனிஃபார்ம் தனி.
துவாரகாவுக்கு அன்றைக்கு மூன்று வயதும் பதினோரு நாளும்.
மேடம் ஓர் ஆப்பிள் படத்தை நீட்டி
"வாட் இஸ் திஸ்?" என்றார்.
இவள் மேடத்தின் வளையலைப் பார்த்து
"சிவப்பு" என்றாள்.
சரியான பதில்தான்.
மேடம் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

இன்னொரு இடத்தில் முப்பது பிள்ளைகள்
உதட்டில் விரலை வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.
"எவ்வளவு ஒழுக்கம் பாருங்க."
கறிக்கடைக் கோழிக் கூண்டுகூட
இதைவிடச் சத்தமாக இருக்கும் என்று
படியிறங்கும்போது யோகமலர் சொன்னாள்.

பாலாடாவில் நான் முதலில் பார்த்தது
ஒரு ஸ்வெட்டர்.
மழை விட்டிருந்தது. எல்லோரும் வெளியே போக வேண்டும்.
ஒரு பையன் கை நுழைகிற இடத்தில் தலையை விட்டுவிட்டு
உள்ளே இருட்டில் முட்டிக்கொண்டிருந்தான்.
மாசி டீச்சர் பக்கத்தில் குந்தியிருந்தார்.
கையை நீட்டவில்லை.
"தலைக்குப் பெரிய ஓட்டை, கைக்குச் சின்ன ஓட்டை. தேடு."
"இல்ல" என்றது ஸ்வெட்டர்.
"இருக்கு."
"இல்ல."
"நான் இங்கயேதான் இருக்கேன். தேடு."
நான் மணி பார்த்தேன். நாலு நிமிஷம்.
முடி குத்திட்டு நிற்கத் தலை வெளியே வந்தது.
எங்களையெல்லாம் தானே கண்டுபிடித்ததுபோல்
ஒவ்வொருவராகப் பார்த்தான்.
ஸ்வெட்டரின் முதுகு நெஞ்சில் இருந்தது.
அதை டீச்சர் சொல்லவே இல்லை.

மலைப்பாதையில் ஒரு விதி உண்டு.
ஏறி வருகிற வண்டிக்கு
இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும்.
கேரட் வாடினாலும், மண்டியில் விலை இறங்கினாலும்.
பாதி ஏற்றத்தில் நிறுத்திவிட்டால்
அவன் மறுபடி எடுப்பது பெரும்பாடு.
பதினேழு வருஷமாய் ஓட்டுகிறேன்.
வீட்டில் மகளுக்குச் செருப்பு மாட்டுகையில்
ஒருநாளும் நான் ஒதுங்கியதில்லை.

குறை இல்லாமல் இல்லை.
மேற்கு மூலையில் கூரை ஒழுகும்.
டீச்சரைக் கணக்கெடுப்புக்கு அனுப்பிவிட்டால்
பதினாறு பிள்ளைகளுக்கு உதவியாளர் ஒருத்திதான்.
அன்றைக்குக் கதையும் இல்லை, வெளிக்காற்றும் இல்லை,
தூக்கம்தான்.
சில வாரம் முட்டை வராது.
கழிப்பறைத் தாழ்ப்பாள் என் தோள் உயரத்தில் இருந்தது.
"அவங்களே திறக்கணும், அவங்களே மூடணும்" என்றார் டீச்சர்.
லாரியிலிருந்து ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்து
என் இடுப்புக்குக் கீழே இறக்கிக் கொடுத்தேன்.

துவாரகா முதல் பத்தொன்பது நாள் வாய் திறக்கவில்லை.
பயந்துபோய்க் கேட்டேன்.
டீச்சர் ஜன்னலோரம் காட்டினார்.
காலித் தீப்பெட்டிக்குள்
கற்பூர மரத்துக் காய்களை
லோடு ஏற்றிக்கொண்டிருந்தாள் மகள்.
உதடு மட்டும் அசைந்தது.
"எண்ணுறா. ஒன்பதுக்கு அப்புறம் பதிமூணுன்னு போகுது.
நடுவுல உள்ளது வரும்."

எப்போது வரும் என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

இன்றைக்குப் படியில் உட்கார்ந்து
ஷூ மாட்டுகிறாள்.
இடது காலில் வலதைப் போட்டாயிற்று.
என் கை அதுவாக நீள்கிறது,
மடக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.
சாலையை அடைத்து நிற்கிறது லாரி.
பின்னால் மினி பஸ் ஹாரன் அடிக்கிறது.
அடிக்கட்டும்.
இரண்டாவது காலுக்கு
இப்போதுதான் வந்திருக்கிறாள்.