சாப்ட்டியா

ராத்திரி ஒன்பதரைக்கு ஃபோன் வரும்.
"சாப்ட்டியா?"
ஊரே கேட்கிற கேள்விதான்.
ஷூ கம்பெனி சூப்பர்வைசரும் கேட்பார்,
பதில் வருவதற்குள் அடுத்த மெஷினுக்குப் போயிருப்பார்.
ரிஸ்வானா கேட்டால் மட்டும்
அது இட்லியைப் பற்றியது இல்லை.
வெள்ளை மாத்திரை முழுசு, மஞ்சள் பாதி.
பாதியாக்கத் தெரியாமல் பிளேடு எடுத்தேன் என்றதும்
மறுநாளே விஷாரத்திலிருந்து வந்து
வீட்டிலிருந்த பிளேடையெல்லாம் வாங்கிக்கொண்டு போனாள்.
எங்கே போட்டாளோ, நான் கேட்கவில்லை.

தோல் ஷாப் நாத்தம் என்று
என்னைச் சுற்றி பெஞ்சு காலியான ஏழாம் வகுப்பில்
பையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவள்.
"எங்கத்தாவும் அங்கதான். எனக்கு மூக்கு செத்துப்போச்சு."

பாகாயத்துக்கு முதல்முறை அவள்தான் கூட்டிப்போனாள்.
ஆற்காட்டுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது,
கீழே மணல், முள்செடி, ஒரு லாரி.
"ஒருநாள் இதுல குதிக்கலாம்னு வந்தேன்டா.
தண்ணியே இல்ல.
கரும்பு ஜூஸ் குடிச்சிட்டுத் திரும்பிட்டேன்."
சிரித்துவிட்டேன்.
சிரித்ததற்காகக் கையைப் பிடித்துக்கொண்டேன்.
எதிர் சீட்டுக்காரர் எங்களைக் காதலர்கள் என்று முறைத்தார்.
அவள் காதல் குடியாத்தத்தில் இருந்தது,
பத்திரிகை அடித்து முடித்து.

ஆஸ்பத்திரி மைக்கில் கூப்பிட்டார்கள்,
ஆதாரில் இருக்கிற பேர்.
அதை இங்கே எழுதமாட்டேன்.
இரண்டாம் தடவை கூப்பிட்டபோது
வரிசையில் தலைகள் திரும்பின,
அந்தப் பேருக்கான பெண்ணைத் தேடி.
என் மீசை பூனைமயிர்தான். ஆனாலும் என்னுடையது.
கால் எழவில்லை.
"இதோ" என்று ரிஸ்வானா எழுந்தாள்,
துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு,
பிறந்ததிலிருந்து அதுதான் தன் பேர் என்பதுபோல.
டாக்டர் அறைவரை அதைச் சுமந்துபோனாள்.
நான் பின்னாலேயே, துணைக்கு வந்தவனாட்டம்.
உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்:
"இவருக்குத்தான் பாக்கணும். பேர் நித்திலன்."

போன புதன்கிழமை குடியாத்தத்தில் முகூர்த்தம்.
ஒன்பதரைக்கு ஃபோன் வரவில்லை.
பத்துக்கு நான் போட்டேன்.
எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது,
எங்கேயோ மிக்ஸி ஓடிற்று.
"சாப்ட்டியா?"
ரொம்ப நேரம் கழித்து, "இல்ல."
"நானும்தான். தெருமுனைக்கு வா."
முத்துக்கடையில் நாலு பரோட்டா கட்டச் சொன்னேன்.
கடைசி பஸ் போய்விட்டிருந்தது.
ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் பாதி உட்கார்ந்து,
மடியில் சால்னா கசிய,
அதே பாலத்தைத் தாண்டினேன்.
இந்தத் தடவை நான் கேட்டது
சாப்பாட்டைப் பற்றியும்தான்.