பயண நோக்கம்

விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள்:
சுற்றுலா, ஆன்மிகம், சாகசம்.
ஏதாவது ஒன்றில் டிக் அடிக்கணுமாம்.

சங்ககிரி ரோட்டில் பஞ்சர் கடைக்கு மாடியில்
ஒளிப்படச் சங்கத்து அறை.
மேசைக்கு அக்கட்டால நித்திலா என்ற பிள்ளை
"என்ன கேமராங்ணா?" என்றது.
போனைக் காட்டினேன்.
கிரீஸ் ஏறிய உறைக்குள் பதினோராயிரம் படம்.

போர்வெல் வண்டியில் நான் மேனேசர்.
டீசல் கணக்கு, ராடு கணக்கு, சோத்துக் கணக்கு.
எட்டு மாநிலம் போயாச்சு.
போன இடமெல்லாம் லாரி நெற்றியை எழுத்துக்கூட்டி
திருச்செங்கோட்டை ஒரு மருந்துப் பெயராக்கிவிடுவார்கள்.

"தாஜ்மகால் இருக்குதுங்களா?"
ஆக்ராவுக்கு இருபது கிலோமீட்டர் இக்கட்டால
உருளைக்கிழங்குக் காட்டில் பதினெட்டு நாள் கிடந்தேன்.
தாஜ்மகாலைப் பார்த்தது
பூசணி மிட்டாய் டப்பா மூடியில்.

என்னிடம் இருந்தது குழிகள்.
குழிக்குப் பக்கத்தில் சிலேட்டு,
சிலேட்டில் எத்தனை அடி என்று சாக்பீசில்.
முதலாளிக்கு அனுப்ப எடுத்தவை.

விதி ஏழு: தொழிலாக எடுத்த படம் செல்லாது.
"படத்துக்குச் சம்பளம் வாங்குனீங்களாண்ணா?"
இல்லை.
"அப்பச் செல்லுமுங்."

ராத்திரி கோகிலவாணி போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.
"மண்ணு. இதும் மண்ணு. இது சேறு.
இதைப் பாக்கறதுக்கா அத்தாந்தொலை போறீங்க?"
பிறகு ஒன்றில் விரல் நின்றது.

ஒடிசாவில், களாஹண்டிப் பக்கம், ஒரு மேட்டுக்காடு.
எழுநூற்று இருபது அடி. புகை.
எங்கள் பேச்சில் புகை என்றால்
சொட்டு ஈரமில்லை, கல்மாவுதான் பீய்ச்சியது என்று பொருள்.
விடிய விடிய ஓடிய கம்ப்ரசர் வெடியால நின்றபோது
வேலி வெள்ளை, வரப்பு வெள்ளை,
எருமை முதுகு, எங்கள் புருவம், கொதிக்க வைத்த டீ எல்லாம் வெள்ளை.
ஊர் கலைந்துவிட்டது.
காட்டுக்காரர் பணம் எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார்.
தண்ணி வந்தாலும் புகை வந்தாலும் அடிக்கு ரேட்டு ஒன்றுதான்.
அந்த நேரத்தில் ஒரு பையன்
குத்தவைத்து
கேசிங் வாயில் காதை வைத்திருந்தான்.

சோமாரு ஓரத்தில் சிலேட்டை நீட்டிப் பிடிக்க
எடுத்தேன், கணக்குக்கு.

விதி நாலு: படத்தில் எழுத்து கூடாது.
கோகிலா சிலேட்டை வெட்டினாள்.
சோமாருவின் கையும் அதோடு போயிற்று.

கட்டம் எதையும் தொடாமல் நீட்டினேன்.
நித்திலா தானாகவே சாகசத்தில் டிக் போட்டது.

கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள்.
இந்தப் பக்கம் வால்பாறை மூடுபனி,
அந்தப் பக்கம் தனுஷ்கோடிச் சூரியன்.
"மணாலியாட்ட இருக்குதுங்."
"இந்தக் குளிருல சட்டை இல்லாம நிக்கறானே பையன்!"
"ரயில் வருதான்னு காதை வெச்சுப் பாக்கறானாக்கும்."
கோகிலா என்னைப் பார்த்தாள்.
நான் தனுஷ்கோடியைப் பார்த்தேன்.

ஆறுதல் பரிசு கிடைத்தது.
பனிப்பொழிவை இத்தனை நெருக்கத்தில் பிடித்ததற்கு என்று
மைக்கில் சொன்னார்கள்.
அது பனியில்லைங்க, கல்லு, என்று சொல்லத்தான்
மேடை ஏறினேன்.
படத்துக்கு நில்லுங்க என்றார்கள்.
நின்றேன்.

பரிசு, ஒரு லிட்டர் பிடிக்கும் பிளாஸ்க்.

இப்போது பார்மேரில் இருக்கிறோம். மூன்றாவது நாள்.
பிளாஸ்க் கேபினில் தொங்குகிறது.
சோமாரு மூடியில் ஊற்றிக் குடிக்கிறான்,
படத்தில் தன் கை இல்லாதது அவனுக்குத் தெரியாது.
நானூற்று அறுபது. புகை.
சிலேட்டு இருக்கிறது, சாக்பீசைத் தேடுகிறார்கள்.
அதற்குள் ஒன்று எடுத்துக்கொண்டேன்:
கம்ப்ரசர் வண்டி நிழலில் ஒரு நாய்,
நிழலுக்கு வெளியே கிடந்த பாதி மட்டும் வெள்ளை.
முதலாளிக்கு அனுப்பவில்லை.