ஒரு சுழி குறைவு

மஞ்சக்குப்பம் தபால் நிலையத்தில்
பத்தொன்பது வருடமாக
அடுத்தவர் பார்சல்களை எடை போடுகிறேன்.
எனக்கென்று வந்தது இதுதான் முதல்.
மதியம் கூட்டம் குறைந்ததும்
பெட்டியைப் பிரித்து
மட்டையை மட்டும் தராசில் வைத்தேன்.
இருநூற்று இருபத்தேழு கிராம்.
விலை பதினெட்டாயிரம்.
கிராமுக்கு எண்பது ரூபாய், சில்லறை குறைய.
முதுநகர் துறைமுகத்தில் வஞ்சிரம்
கிலோவே ஆயிரத்து இருநூறுதான் என்று
கை தானாக ஒரு கணக்கைத் தொடங்கியது.
அழித்துவிட்டேன்.

மட்டை என்றா சொன்னேன்?
பேடில் என்று சொல்லவேண்டுமாம்.
கறுப்பு. கார்பன் இழை.
உள்ளே தேனடை இருப்பதாக அட்டையில் படம்.
பண்ருட்டிப் பலாவைத் தட்டுவதுபோல்
தட்டிப் பார்த்தேன்.
பழமும் இல்லை காயும் இல்லை,
நடுவில் ஏதோ ஒன்று பதில் சொன்னது.
முகம் மட்டும் வழவழவென்று,
துடைத்து வைத்த கண்ணாடி.
அடடா, காசு இங்கேதான் போயிருக்கிறது
என்று நினைத்துக்கொண்டேன்.

"எவ்வளவு?" என்றார் இளஞ்செழியன், வீட்டில்.
"ஆயிரத்து எண்ணூறு."
பொய் சொல்லவில்லை.
ஒரு சுழியை மென்று விழுங்கினேன்,
அவ்வளவுதான்.

செம்மண்டலத்தில்
பழைய டைல்ஸ் கிடங்கைக் கூட்டிப் பெருக்கிக்
கோடு போட்டிருக்கிறார்கள்.
மணிக்கு முந்நூறு, நாலு பேர் பங்கு.
எதிரே பல் டாக்டர் மும்தாஜ்.
அவர் பக்கத்தில் ஹெப்சிபா, நர்சிங் இரண்டாம் ஆண்டு,
கையில் ப்ளைவுட் மட்டை,
பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியது.
என்னோடு மீன்வலைக் கடை சவரிராஜ்.
தொடங்கும்போதே உரக்கச் சொல்லவேண்டும்:
"சைபர், சைபர், ரெண்டு."
விழுங்கி வந்தவள் முன்னால்
எடுத்த எடுப்பிலேயே இரண்டு சுழி.
பந்தைப் பார்த்தேன்.
அது முழுக்க ஓட்டை.

வலைக்கு முன்னால் ஏழடி,
அதற்குப் பெயர் கிச்சன்.
அங்கே நின்றபடி
பந்து தரையில் படுமுன் அடித்தால் தவறு.
இருபத்தாறு வருடம் நான் நின்ற இடத்தில்
நிற்காதே என்று ஒரு விளையாட்டு சொல்கிறது.
இதற்கே இன்னொரு ஆயிரம் கொடுக்கலாம்.

ஆனால் மட்டை பேச்சுக் கேட்கவில்லை.
சுழற்றினால் பந்து வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போனது.
தொட்டால் சுவரில் போய் முட்டியது.
ஒருமுறை சவரிராஜின் பிடரியில்.
பதினொன்றுக்கு இரண்டு.
அந்த இரண்டும் சவரிராஜ் எடுத்தது.

தண்ணீர் குடித்துக்கொண்டே வந்த ஹெப்சிபா
என் மட்டையை வாங்கி
ஓரத்தை நகத்தால் நெருடினாள்.
"ஆன்ட்டி,
மேல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்க
உரிக்கவே இல்லியா?"

எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில்
நீலத் தாள் இன்னும் இருக்கிறது.
வாங்கி ஒன்பது வருடம்.

உரித்தேன்.
சர்ரென்று ஒரு சத்தம்,
அடியில்
நேற்றுக் கொத்திய அம்மி.
கட்டைவிரலால் தடவினேன்.
மறுபடியும் தடவினேன்.
இரண்டு நாளாக நான் மெச்சிக்கொண்டிருந்தது
பத்துப் பைசா பெறாத தாளை.

அடுத்த ஆட்டமும் தோல்விதான்,
பதினொன்றுக்கு நாலு.
ஆனால் அதில் ஒரு பந்து
மட்டையில் வந்து உட்கார்ந்தது.
ஈரம் தொட்ட தபால்தலைபோல ஒட்டி,
இமைக்கிற நேரம் இருந்து,
நான் விட்ட பிறகுதான் போனது.
வலையை உரசி
அந்தப் பக்கம் செத்து விழுந்தது.
ஹெப்சிபா ஓடி வரவில்லை,
பார்த்துக்கொண்டு நின்றாள்.
சவரிராஜ் "ம்" என்றார்.

உரித்த தாளை
நாலாக மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

ராத்திரி கரன்ட் போன நேரம்
இளஞ்செழியன் மட்டையை எடுத்து விசிறிக்கொண்டார்.
ஒரு கொசுவைக் குறிபார்த்தார்.
முன்னும் பின்னும் தடவி,
விரல் நுனியை முகர்ந்துகூடப் பார்த்தார்.
"ஆயிரத்து எண்ணூறுக்கு நல்ல சாமான்தான்.
எனக்கும் ஒண்ணு போட்டுடு."

நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.
குரல்
கொஞ்சம் உருண்டையாக வந்தது.