சனிக்கிழமை எச்சரிக்கை

சவுனாவுக்கும் சலவை எந்திரத்துக்கும் நடுவே
இரண்டடி அகல அலமாரி.
யொயென்சூவில் எங்கள் வீட்டில்
சர்வரின் இரைச்சலுக்கு
ஹில்ப்பா ஒதுக்கிய ஒரே இடம்.

நான்கு டிஸ்குகள்.
ஒரே கடை, ஒரே நாள், ஒரே அட்டைப்பெட்டி,
அடுத்தடுத்த வரிசை எண்கள்.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று
பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

சனிக்கிழமை மாலை ஆறரைக்கு
சுட்ட கற்களின்மேல் முதல் அகப்பைத் தண்ணீர் விழும்.
ஆறு ஐம்பதுக்கு எனக்கு மெயில் வரும்:
மூன்றாம் டிஸ்க், ஐம்பத்தோரு டிகிரி.
பக்கத்து வீட்டு ஒஸ்மோ
மார்பு வியர்வையை வழித்தபடி கேட்பார்,
"உன் பெட்டிக்கும் வேர்க்கிறதா?"

அந்த மெயில்களுக்கென்று ஒரு கோப்புறை செய்து
நேரே அதில் போய் விழ ஏற்பாடு செய்தேன்.
புலி வருது, புலி வருது.
நூற்று நாற்பது புலிகள்
படிக்கப்படாமல் அங்கே தூங்கின.

பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
மின்கட்டண ரசீதைத் தேடியவன்
தவறி அந்தக் கோப்புறையைத் திறந்தேன்.
மேலிருந்து மூன்றாவது, செவ்வாய்க்கிழமைத் தேதியில்.
செவ்வாயன்று நாங்கள் சவுனா மூட்டுவதில்லை.

வெப்பம் முப்பத்திரண்டு. குறையில்லை.
இடம் மாற்றிய செக்டர்கள்: எட்டு.
புதன்: இருபத்து நான்கு.
இன்று காலை: நூற்றுப் பன்னிரண்டு.

எட்டு என்றால்
தன் மேலேயே ஒரு பள்ளம் கண்டு
சுற்றி நடக்கப் பழகியிருக்கிறது.
நூற்றுப் பன்னிரண்டு என்றால்
நடக்க இடமில்லை.

அலமாரியில் காதை வைத்தேன்.
டிக். டிக்.
கொஞ்சம் நிறுத்தி, டிக்.
விருந்தில் தொண்டையில் முள் சிக்கியவர்
எழுந்து போகக் கூச்சப்பட்டு
அடக்கிக்கொள்வது போல.

"நகல் எடுத்து வைத்தாயா?"
வாசாவிலிருந்து ஸோஹ்வி.
எடுப்பதாக இருந்தேன், மகளே.

வெள்ளி இரவு எட்டு மணி:
பழையதை உருவி, புதியதைச் செருகினேன்.
மறுகட்டுமானம் முப்பத்தோரு மணி நேரம் என்றது திரை.
ஹில்ப்பா விரல்விட்டு எண்ணினாள்.
"அப்படியானால் நாளைக்கு?"
"கூடாது."
ஸோஹ்வி பிறந்த வாரம்கூட
அணைந்திராத அடுப்பு.

துண்டும் இரண்டு பீரும் ஏந்தி வந்த ஒஸ்மோ
சேதி கேட்டுத் தொப்பியைக் கழற்றினார்.
பிறகு, ஏனோ, உள்ளே போய் உட்கார்ந்தார்.
நாங்களும் போனோம்.
கோட்டு, கையுறை, கம்பளிக் காலுறை,
மேல்பலகையில் மூன்று பேர்,
சில்லிட்ட சவுனாவில்
சுவருக்கு அப்பால் சுழல்வதைக் கேட்டபடி.

எழுபத்திரண்டு சதவீதத்தில்
இரண்டாம் டிஸ்க் டிக் என்றது.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு.
அதே பானை. அதே உலை.
யாரும் பேசவில்லை.
ஹில்ப்பா எழுந்து
சலவையறை ஜன்னலை
ஒரு விரல் அகலம் திறந்துவிட்டு வந்தாள்.

ஞாயிறு விடிகாலை மூன்றுக்கு முடிந்தது.
நாற்பதாயிரத்துச் சொச்சம் கோப்புகளில்
படிக்க முடியாதது ஒன்றே ஒன்று.
ஒரு வீடியோ. பெயர் இல்லை.
ஜூலை 2009, நான்கு நிமிடம், பன்னிரண்டு நொடி.

ஒஸ்மோவின் படகு எஞ்சின் தீப்பிடித்த நாள் அது,
என்கிறாள் ஹில்ப்பா.
அது மறு வருஷம் என்கிறார் ஒஸ்மோ.
நான் தலை முங்காமல் நீந்திய முதல் நாள்,
ஸோஹ்வி சத்தியம் செய்கிறாள்.
எனக்கு ஒன்றும் நினைவில்லை.
கேமராவைப் பிடித்திருந்தவன் நான்தான்.

நல்லபடியாக இருக்கும் மற்றவற்றை
இதுவரை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இரண்டாம் டிஸ்கையும் மாற்றியாயிற்று,
வேறு ஊர்க் கடையில் வாங்கி.
அந்தக் கோப்புறையை அழித்துவிட்டேன்.
இப்போதும் சனிக்கிழமை ஆறு ஐம்பதுக்கு மெயில் வருகிறது.
துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து
ஈர விரலால் திரையைத் தேய்த்து
கடைசி வரிவரை படிக்கிறேன்.

"கதவைச் சாத்து,"
உள்ளேயிருந்து குரல்,
"சூடெல்லாம் போகிறது."