நான் போடாத கட்டம்

லோயர் பரேலில் மில் காம்பவுண்டை ஒட்டிய
மூன்றாவது மாடி அச்சுமுன் கூடம்.
லாமிங்டன் ரோட்டிலிருந்து இரண்டு டிரைவ்கள்
மூன்று நாள் இரவலாக வந்திருந்தன.
எது வேகம், எதில் நிறையக் கொள்ளும்,
ஒரே தாளில் எழுதிக்கொடு என்றார் தாராப்பூர்வாலா.
எனக்குக் கட்டம் போடப் பிடிக்கும்.

இரண்டுக்கும் ஒரே தீனி:
புடவைக் கம்பெனி கேட்டலாக், நானூற்றுப் பன்னிரண்டு எம்.பி.

காந்த ஒளித்தட்டு முதலில்.
தடித்த சதுரக் கூட்டுக்குள் அறுநூற்று நாற்பது.
அழிக்க ஒரு சுற்று
எழுத ஒரு சுற்று
எழுதியது சரிதானா பார்க்க இன்னொரு சுற்று,
கேஸை மூடினேனா என்று
மாடுங்கா ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்த
என்னைப் போல.
அப்படியும் ஐந்தே கால் நிமிடம்.

சிடி எழுதி: அறுநூற்று ஐம்பது.
பத்து அதிகம்.
நான்கு மடங்கு வேகம் என்று முகப்பில் போட்டிருந்தது.
எதைவிட நான்கு மடங்கு என்று போடவில்லை.
விசாரித்தேன்,
பாட்டுக் கேட்கிற வேகத்தைவிடவாம்.
ஒன்பதாவது நிமிடத்தில் ஜெபமணி
சீட்டாட மவுஸைத் தொட்டான்.
கணினி மூச்சுத் திணறியது.
லேசருக்குக் காத்திருக்கத் தெரியாது.
தொண்ணூறு ரூபாய்த் தட்டின்மேல்
இப்போது அவன் டீ கிளாஸ் இருக்கிறது.

வேகம், தேடும் நேரம், தட்டின் விலை.
குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் எழுதினேன்:
முன்னது பத்து லட்சம் முறை திருத்த இடம் தரும்,
பின்னது ஒருமுறை.
முதலாளி முன்னதன்மேல் டிக் அடித்தார்.

சாயங்காலம் படியேறி வந்தார்
நூற்புக் கூடத்துக் கொண்டிபா சாளுங்கே.
மூச்சு வாங்கிக்கொண்டு துணிப்பையை அவிழ்த்தார்.
மூடிய மில்லின் ஆட்கள் பட்டியல்,
யாருக்கு எத்தனை வருடம், எவ்வளவு பாக்கி.
ஆயிரத்து எழுநூற்று நாற்பத்து மூன்று பேர்.
இரண்டு இரவு ஸ்கேன் செய்தோம்.
தொண்ணூற்றாறு எம்.பி.

எதில் போட என்று என் தாளை நீட்டினேன்.
எண்ணெய்க் கறை ஏறிய விரலால்
கட்டம் கட்டமாகத் தொட்டுக்கொண்டே போனார்.
பிறகு மராத்தியில் கேட்டார்:
"இதில் எதை எங்கள் மேனேஜரால் மாற்ற முடியாது?"

அப்படி ஒரு கட்டம் நான் போடவில்லை.

ஒற்றை வேகத்தில் வைத்தேன், பாட்டின் வேகத்தில்.
ஜெபமணியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.
போனை எடுத்துக் கீழே வைத்தேன்.
பத்தே முக்கால் நிமிடம்
நானும் அவரும்
மவுஸை ஒரு பல்லியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
கடைசியில் இனி எதுவும் சேர்க்க முடியாதபடி
தட்டை மூடவா என்று திரை கேட்டது.
நான் அவரைப் பார்த்தேன்.
அவர் இரண்டு பெயர்களை முணுமுணுத்து
பட்டியலில் தேடி, கண்டுபிடித்து,
பிறகு தலையசைத்தார்.

ட்யூப்லைட்டில் சாய்த்துப் பார்த்தார்.
பச்சைத் தட்டில், நடு ஓட்டையைச் சுற்றி
சற்றே கறுத்த ஒரு வளையம்.
சுண்டுவிரல் நகத்தின் அகலம்.

"நாங்கள் இவ்வளவுதானா?"

ஆமாம் என்றேன்.

"மீதி?"

மீதி காலி.
அதில் இனி யாரும் எழுத முடியாது என்றேன்.

பையில் வைக்கவில்லை.
சட்டைக்குள், பனியனுக்கு மேல் செருகிக்கொண்டு
கைப்பிடியைப் பிடித்து
மெதுவாக இறங்கினார்.